கடல்பாசி ஜெல்லும் மின்சாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் கிராமத்தில் பிறந்தவள் நான். அம்மா பாசி எடுக்கப் போகிறவர். நான் பாலிமர் வேதியியல் படித்து, ஹைட்ரோஜெல் என்ற பொருளில் ஆய்வு செய்கிறேன். ஊருக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஏலக்கூடத்திலும், பள்ளிக்கூடத்திலும், மகளிர் குழுக் கூட்டத்திலும், பஸ்ஸிலும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். பாசியிலிருந்து மின்சாரம் வருமாமே, தோல் போல உணரும் ஜெல் இருக்கிறதாமே என்று. அவரவர் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னே, சிக்கலானவை பின்னே.

1. ஹைட்ரோஜெல், ஹைட்ரோஜெல் என்கிறாயே, அது என்னம்மா?

நுங்கை விரலால் நோண்டி எடுக்கும்போது உங்கள் கையில் இருப்பது ஒரு ஹைட்ரோஜெல். நோன்பு திறக்கும் நேரத்தில் கீழக்கரை வீடுகளில் துண்டு போட்டு வைக்கும் கடல்பாசியும் அதுவே. நீண்ட மூலக்கூறு இழைகள் ஒன்றோடொன்று பின்னி வலையாகி, அதன் கண்களுக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஆனால் ஊற்றினால் ஓடாது. மீன் வலையைத் தூக்கினால் தண்ணீர் வடிந்துவிடும். இந்த வலையின் கண் அளவு நானோமீட்டர் கணக்கில் இருப்பதாலும், இழைகளுக்குத் தண்ணீர் மீது பிரியம் இருப்பதாலும் இங்கே அது வடிவதில்லை.

கரை ஒதுங்கிய சொறியை (ஜெல்லிமீன்) பார்த்திருப்பீர்கள். அதன் உடலில் ஏறத்தாழ 95 சதவீதம் தண்ணீர். காலையில் தட்டுப் போலத் தடித்துக் கிடந்தது, மதிய வெயிலுக்குப் பிறகு மணலில் ஒட்டிய மெல்லிய தோலாகிவிடும். ஜெல்லின் பலம், பலவீனம் இரண்டும் அதில் தெரிந்துவிடுகின்றன.

2. நம் கடல்பாசிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? எந்தப் பாசியில் இது இருக்கிறது?

மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் அகர் தருபவை. கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட் என்ற பொருள் கிடைக்கிறது. பாக் நீரிணைப் பக்கம் மூங்கில் மிதவைகளில் கட்டி, 45 நாளில் அறுவடை செய்யும் கப்பாபைகஸ் பாசியில் இருப்பது காரகீனன். மூன்றும் பாசியின் செல்சுவரில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள். அலை அடித்தாலும் பாசி ஒடியாமல் வளைந்து கொடுப்பது இவற்றால்தான்.

மூன்றும் உறையும் விதம் வேறு. அகரைக் காய்ச்சி ஆறவிட்டால் போதும். 40 பாகை செல்சியசுக்குக் கீழே வந்தால் உறையும், மறுபடி உருக 85 பாகை வரை சூடாக்க வேண்டும். ஆல்ஜினேட்டுக்குச் சூடே தேவையில்லை. கால்சியம் கரைசலில் சொட்டுவிட்டால் அந்த நொடியே முத்தாகிவிடும். கப்பாபைகஸின் காரகீனனுக்குப் பொட்டாசியம் உப்பைச் சேர்த்தால் கெட்டியாக உறையும். இந்த விவரங்களை நினைவில் வையுங்கள். பின்னால் வரும் பல பதில்கள் இவற்றையே நம்பி நிற்கின்றன.

3. உயிரினங்களைப் பார்த்துச் செய்தது என்கிறார்கள். எந்த உயிரினம்? எதைப் பார்த்து?

ஏலத்துக்கு வந்த சுறாவின் மூக்கைக் குனிந்து பாருங்கள். அடிப்பக்கத்தில் ஊசியால் குத்தியது போலப் புள்ளிப் புள்ளியாகத் துளைகள் தெரியும். விரலால் அழுத்தினால் கண்ணாடி போலத் தெளிந்த பசை பிதுங்கி வரும். சிறுவயதில் அதைச் சளி என்று நினைத்துக் கையைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். லோரன்சினி என்ற இத்தாலியர் 1678ஆம் ஆண்டு இந்தத் துளைகளை விவரித்தார். அவர் பெயரால்தான் இன்றும் அவை அழைக்கப்படுகின்றன. அந்தப் பசை ஒரு ஹைட்ரோஜெல். மணலுக்குள் புதைந்து கிடக்கும் மீனின் உடல் எழுப்பும் மின்புலத்தைச் சுறாவின் நரம்புவரை கொண்டு சேர்ப்பது அதுதான். ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு வோல்ட்டின் 20 கோடியில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தால்கூடச் சுறா உணர்ந்துவிடும். 2016ஆம் ஆண்டு இந்தப் பசையை அளந்தவர்கள், அதுவரை அறிந்த உயிரியல் பொருட்களில் புரோட்டான்களை மிக நன்றாகக் கடத்துவது இதுதான் என்று கண்டார்கள்.

இரண்டாவது, மின்சாரம் பாய்ச்சும் மீன்கள். மின்திருக்கையைத் தெரியாமல் தொட்டால் கை மரத்துப் போகும். அதே வேலையைப் பெரிய அளவில் செய்வது தென் அமெரிக்க ஆறுகளின் மின்விலாங்கு. 600 வோல்ட்டையும் தாண்டும். அதன் ஒவ்வொரு மின்செல்லும் தருவது ஏறத்தாழ 0.15 வோல்ட் மட்டுமே. ஆயிரக்கணக்கான செல்கள் வரிசையாக அடுக்கியிருப்பதால்தான் அத்தனை அடி.

மூன்றாவது, கடலட்டை. தொட்டதும் விறைத்துக்கொள்ளும், பிறகு தளர்ந்து வழியும். தசையால் மட்டும் நடப்பதல்ல இது. தோலில் உள்ள இழைகளுக்கு இடையிலான பிணைப்பையே அது இறுக்கவும் தளர்த்தவும் செய்கிறது. இதைப் பார்த்து, தண்ணீர் பட்டதும் இளகிப் போகும் ஒரு பொருளை அமெரிக்க ஆய்வாளர்கள் 2008ஆம் ஆண்டு செய்து காட்டினார்கள்.

4. அப்படியானால் கடலட்டையைப் பிடித்துக் கொடுக்கச் சொல்வார்களா?

மாட்டார்கள். கடலட்டை 2001ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பதும் விற்பதும் குற்றம். இங்கே எடுத்துக்கொள்வது உயிரினத்தின் யோசனையை மட்டுமே. முந்தைய பதிலில் சொன்ன 2008ஆம் ஆண்டுப் பொருளில் கடலட்டை ஒரு துளியும் இல்லை. யாராவது ஆராய்ச்சிக்கு என்று சொல்லி அட்டை கேட்டால் கொடுக்காதீர்கள்.

5. தண்ணீரும் பாசியும் சேர்ந்தால் மின்சாரம் எப்படி வரும்? நம்பும்படி இல்லையே.

பாசி மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. உப்பு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குப் போகத் துடிக்கிறது. அந்தத் துடிப்பில் ஆற்றல் இருக்கிறது. உப்பு தண்ணீரில் கரைந்ததும் சோடியம் நேர்மின் அயனியாகவும் குளோரைடு எதிர்மின் அயனியாகவும் பிரிந்து நிற்கும் (அயனி என்றால் மின்னூட்டம் கொண்ட துகள்). இரண்டும் கைகோத்துக்கொண்டு நகர்ந்தால் மின்சாரம் கிடைக்காது. சோடியத்தை ஒரு பக்கமும் குளோரைடை மறு பக்கமும் திருப்பிவிட்டால்தான் கிடைக்கும்.

அந்த வாயில்காப்போன் வேலையை ஜெல் செய்கிறது. ஆல்ஜினேட், காரகீனன் சங்கிலிகளில் எதிர்மின்னூட்டம் நிலையாக ஒட்டியிருக்கிறது. அவை சோடியத்தை விடும், குளோரைடைத் தள்ளும். நேர்மின்னூட்டம் உள்ள ஜெல் வேண்டுமென்றால் இறால் ஓட்டிலிருந்தும் நண்டு ஓட்டிலிருந்தும் எடுக்கும் கைட்டோசன் இருக்கிறது. உப்பு மிகுந்த ஜெல், நேர் அயனியை மட்டும் விடும் ஜெல், உப்பு குறைந்த ஜெல், எதிர் அயனியை மட்டும் விடும் ஜெல் என்று நான்கையும் மாறி மாறி அடுக்கினால் ஒரு செல் கிடைக்கும். 2017ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் செயற்கை ஜெல்களைக் கொண்டு இப்படி 612 செல்களைத் தொடராக இணைத்து 110 வோல்ட் எடுத்தார்கள். மின்விலாங்கின் அடுக்கு முறையே அது.

6. 110 வோல்ட் என்றால் வீட்டில் ஒரு மின்விசிறியாவது ஓடுமா?

ஓடாது. வோல்ட் என்பது தண்ணீர்த் தொட்டியின் உயரம் போன்றது; குழாயில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பது வேறு கணக்கு. அந்த 2017ஆம் ஆண்டுக் கருவியில், ஜெல்லை மெல்லிய படலமாக்கி மடித்து அடுக்கிய வடிவில்கூட, ஒரு சதுர மீட்டருக்கு 27 மில்லிவாட்தான் கிடைத்தது. பழைய மின்விசிறிக்கு 75 வாட் வேண்டும். வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 2,800 சதுர மீட்டர் ஜெல் தேவை, அதாவது 70 சென்ட் நிலத்தின் பரப்பு. அதுவும் உப்பு கலந்து சமமாகும் வரைதான் ஓடும். பிறகு மறுபடி மின்னேற்றம் செய்ய வேண்டும்.

நம் மாவட்டத்திலேயே கமுதியில் 2016ஆம் ஆண்டு முதல் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் இருக்கிறது. விசிறி, விளக்கு, மோட்டார் எல்லாம் அந்தப் பக்கத்து வேலை. ஜெல்லின் இடம் மைக்ரோவாட்டில் இருக்கிறது. கைக்கடிகாரம், சிறு உணரி (சென்சார்) போன்றவை.

7. வாலிநோக்கத்தில் உப்பளத்துக் கட்டித் தண்ணீர் இவ்வளவு இருக்கிறதே. அதையும் கடல் தண்ணீரையும் வைத்துச் செய்யலாமே?

நல்ல கேள்வி, அறிவியல்படி சரியான யோசனை. கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. உப்பு விளையும் நிலையில் உள்ள பாத்தித் தண்ணீரில் 300 கிராமுக்கு அருகில். இந்த வித்தியாசத்தில், ஒரு வகை அயனியை மட்டும் விடும் படலம் ஒன்றுக்கு 0.05 வோல்ட்டை ஒட்டி எதிர்பார்க்கலாம். இதே தத்துவத்தில் நெதர்லாந்தில் அஃப்ஸ்லைட்டைக் அணையில் 2014ஆம் ஆண்டு ஒரு சோதனை நிலையம் திறந்தார்கள். வேறு முறையில் நார்வேயில் 2009ஆம் ஆண்டு தொடங்கிய சோதனை நிலையம் 2013ஆம் ஆண்டு கைவிடப்பட்டது, செலவு கட்டுபடியாகாமல்.

தடை தண்ணீரில் இல்லை, படலத்தில் இருக்கிறது. பாத்தித் தண்ணீரில் மக்னீசியமும் கால்சியமும் சேறும் உண்டு. அவை ஜெல்லின் மின்னூட்டத்தை மறைத்து, நுண்துளைகளையும் அடைத்துவிடும். உப்பு மிகக் கூடும்போது படலத்தின் வாயில்காப்பும் தளர்ந்துபோகிறது. மலிவான, கழுவக் கழுவ நிற்கும் படலம் வந்தால் இந்தக் கேள்வியை நானே மறுபடி எடுப்பேன்.

8. உப்பு வித்தியாசம் தவிர வேறு வழியில் ஜெல் மின்சாரம் தருமா?

மூன்று வழிகள் உண்டு. ஒன்று, உராய்வு. நைலான் புடவையை மடிக்கும்போது சடசடக்கிறதே, அதே மின்சாரம். சிலிக்கோன் ரப்பர் உறைக்குள் உப்பு ஜெல்லை வைத்தால், தட்டும்போதும் இழுக்கும்போதும் ரப்பரின் பரப்பில் மின்னூட்டம் பிறக்கும். ஜெல் அதை வெளியே கொண்டுவரும் வளையக்கூடிய கம்பியாக வேலை செய்யும். 2012ஆம் ஆண்டு உராய்வு மின்னாக்கி வந்தபோது மின்னூட்டத்தை வெளியே கொண்டுவர உலோகப் பூச்சுதான் இருந்தது. இழுத்தால் நீளும் ஜெல் வந்த பிறகு, தோலோடு சேர்ந்து நீளும்படி அதைச் செய்வது எளிதானது. நம் கரையில் ஒரு சங்கடம்: காற்றில் ஈரம் கூடினால் உராய்வு மின்னூட்டம் கசிந்துவிடும். முழுதும் மூடிய உறை இல்லாமல் இங்கே இது எடுபடாது.

இரண்டாவது, காற்றின் ஈரம். படலத்தின் ஒரு பக்கம் ஈரம் குடித்து மறுபக்கம் உலர்ந்திருந்தால் அயனிகள் நகரும். 2020ஆம் ஆண்டு பாக்டீரியா தரும் புரத நுண்ணிழைகளால் 7 மைக்ரோமீட்டர் தடிமனில் ஒரு படலம் செய்து, காற்றீரத்திலிருந்தே ஏறத்தாழ 0.5 வோல்ட் எடுத்தார்கள். அது ஜெல் அல்ல. ஆனால் அதே வேலையைச் செய்ய இன்று பலர் ஜெல்லில் முயல்கிறார்கள். ஈரம் நமக்குத் தட்டுப்பாடு இல்லாத ஒன்று, ஆகவே எனக்கு இதில் ஆர்வம் அதிகம்.

மூன்றாவது, வெப்ப வித்தியாசம். அதே ஆண்டு ஜெலாட்டின் ஜெல்லில் 25 துண்டுகளைச் சேர்த்து, உடல் சூட்டிலிருந்து 2 வோல்ட்டுக்கு மேல் எடுத்தார்கள். கிடைத்த உச்ச ஆற்றல் 5 மைக்ரோவாட். கத்திரி வெயிலில் காற்றும் 37 பாகை, உடலும் 37 பாகை என்றால் வித்தியாசம் ஏது? குளிர்நாட்டுக்கு ஏற்ற வழி.

9. டீச்சர், அகர் ஜெல்லில் உப்புப் போட்டு, செம்புக் கம்பியும் துத்தநாகம் பூசிய ஆணியும் குத்தினேன். 0.8 வோல்ட் காட்டியது! ஜெல் மின்சாரம் வந்துவிட்டதுதானே?

ஒன்பதாம் வகுப்பு மாணவி கேட்டது. நான் இதுவரை கேட்டதில் மிக முக்கியமான கேள்வி இது, ஏனென்றால் பெரியவர்களும் இதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். அந்த 0.8 வோல்ட் ஜெல்லிலிருந்து வரவில்லை. ஆணியின் மேலிருக்கும் துத்தநாகம் கரைந்து தன் எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது. எலுமிச்சம்பழத்தில் குத்தினாலும் உருளைக்கிழங்கில் குத்தினாலும் இதேதான் நடக்கும். ஜெல் இங்கே அயனிகள் நடந்துபோகும் பாதை, அவ்வளவே.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே பொருளை வை. பென்சில் கரிக்குச்சி இரண்டு போதும். எண் பெரும்பாலும் காணாமல் போகும். இப்போது ஒரு துண்டு உப்பு மிகுந்த ஜெல்லையும் ஒரு துண்டு உப்பில்லாத ஜெல்லையும் ஒட்டி வைத்து, ஆளுக்கொரு கரிக்குச்சி குத்து. சில மில்லிவோல்ட் தெரிந்து, கொஞ்ச நேரத்தில் தேயும். அகரில் மின்னூட்டம் மிகக் குறைவு என்பதால் சோடியத்தையும் குளோரைடையும் பிரிக்கத் தெரியாது (5ஆம் பதிலைப் பார்க்க). சிறிய எண்தான், தேயவும் தேயும். ஆனால் உப்பு வித்தியாசத்தால் வந்தது. அந்த மாணவி இரண்டு வாரம் கழித்துக் கரிக்குச்சி அளவீடுகளை நோட்டில் எழுதிக்கொண்டு வந்து காட்டினாள். 0.8 வோல்ட்டைக் காட்டியபோது இருந்ததைவிட அந்த நோட்டைக் காட்டியபோதுதான் எனக்கு மகிழ்ச்சி.

காற்றீர மின்னாக்கி பற்றிய ஆய்வுகளிலும் இதே சந்தேகத்தை எழுப்ப வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் செம்பும் மறுபக்கம் அலுமினியமும் வைத்து அளந்தால், வந்த மின்சாரத்தில் எவ்வளவு ஈரத்தால், எவ்வளவு உலோக அரிப்பால் என்று பிரித்துக் காட்டியாக வேண்டும்.

10. மின்சாரம் இவ்வளவு குறைவு என்றால் இதனால் என்னதான் பயன்?

உணர்வது. ஜெல்லின் உண்மையான திறமை அங்கேதான் என்பது என் உறுதியான கருத்து. ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுக்க மார்பில் ஒட்டும் வில்லையைப் பார்த்திருப்பீர்கள். அதன் நடுவில் குளிர்ச்சியாக வழவழப்பது பெரும்பாலும் ஹைட்ரோஜெல். உடலுக்குள் மின்செய்தி அயனிகளால் நடக்கிறது, கம்பிக்குள் எலக்ட்ரான்களால். இரண்டு மொழியும் தெரிந்த ஆள் போல ஜெல்லும் அதன் அடியிலுள்ள வெள்ளிப் பூச்சும் நடுவில் நிற்கின்றன.

இழுவையையும் அது உணரும். உப்பு ஜெல் பட்டையை இருமடங்கு நீளத்துக்கு இழுத்தால் நீளம் இரண்டு மடங்காகும், குறுக்குவெட்டுப் பரப்பு பாதியாகும். மின்தடை நான்கு மடங்காகும். விரல் மூட்டில் ஒட்டினால் மடக்குவதும் நீட்டுவதும் எண்ணாக வரும். தொண்டையில் ஒட்டினால் விழுங்குவது தெரியும். 2014ஆம் ஆண்டு இப்படி ஒன்றைச் செய்தவர்கள் அதற்கு அயனித் தோல் என்று பெயரிட்டார்கள். இதை வாசிக்கத் தேவையான மின்சாரம் மைக்ரோவாட் அளவுதான். 6ஆம் பதிலில் கைவிட்ட சிறு ஆற்றல் இங்கே போதுமானதாகிவிடுகிறது. மின்னாக்கும் ஜெல்லும் உணரும் ஜெல்லும் ஒன்றாகவே ஆய்வு செய்யப்படுவது இதனால்தான்.

11. மல்டிமீட்டரில் ஜெல்லின் மின்தடையை அளந்தால் எண் நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறது. ஜெல் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. மல்டிமீட்டர் ஒரே திசையில் மின்சாரம் அனுப்புகிறது. அயனிகள் போய்க் கம்பியின் ஓரத்தில் குவிந்துவிடும், வண்டிகள் ரயில்வே கேட்டில் குவிவது போல. அதன்பின் நீங்கள் அளப்பது அந்தக் குவியலை, ஜெல்லை அல்ல. திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தில், நொடிக்கு ஆயிரம் முறை என்ற அளவில், அளந்தால் எண் நிற்கும்.

12. நம் ஊர் வெயிலில் காய்ந்துவிடாதா?

காயும், முதல் பதிலில் சொன்ன சொறியின் கதிதான். கிளிசரின் சேர்த்தால் தண்ணீர் ஆவியாவது குறையும். கால்சியம் குளோரைடு, லித்தியம் குளோரைடு போன்ற ஈரம் இழுக்கும் உப்புகளைச் சேர்த்தால் காற்றிலிருந்தே தண்ணீரைப் பிடித்து வைக்கும். மழைக்காலத்தில் அடுக்களைக் கல்லுப்பு நசநசத்துப் போவது இதே குணம். அதில் ஒட்டியிருக்கும் மக்னீசியம் குளோரைடு செய்யும் வேலை. அதனாலேயே இன்னொரு தொல்லை. வெயில் காலத்துக்கென்று அளந்து போட்ட உப்பு, வாடைக் காற்று வீசும் மாதங்களில் அளவுக்கு மீறி ஈரம் குடித்து ஜெல்லை ஊதவைக்கும். ஊதினால் உணரியின் எண்களும் மாறும். வெளிநாட்டு ஆய்வகத்தில் குளிர்பதன அறையில் எடுத்த அளவை அப்படியே இங்கே எதிர்பார்க்க முடியாது.

சூடும் ஒரு விஷயம். 8ஆம் பதிலில் வந்த ஜெலாட்டின், வேதிப் பிணைப்பு எதுவும் சேர்க்காவிட்டால், 35 பாகையை ஒட்டி இளகிவிடும். சித்திரை மாதத்தில் வெளியே வைத்தால் தண்ணீராக ஓடும். அகர் 85 பாகை வரை தாங்கும். நம் கரைக்கு நம் பாசியே ஏற்றது என்று நான் சொல்வது ஊர்ப்பாசத்தால் மட்டுமல்ல.

13. நான் செய்த ஜெல் லேசாக வளைத்தாலே விண்டு போகிறது. ரப்பர் போல இழுபடும் என்கிறார்களே?

தனி அகர் அப்படித்தான், விண்டு போகும். இரண்டு வலைகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னினால் கதை மாறுகிறது. ஒரு வலை இறுக்கமாக, எளிதில் அறுபடுவதாக இருக்கும். இன்னொன்று தளர்வாக, நீளக்கூடியதாக. இழுக்கும்போது இறுக்கமான வலையின் பிணைப்புகள் அங்கங்கே அறுந்து விசையை வாங்கிக்கொள்கின்றன, தளர்ந்த வலை முழுதும் பிரியாமல் பிடித்துக்கொள்கிறது. 2012ஆம் ஆண்டு ஆல்ஜினேட்டையும் பாலிஅக்ரிலமைடையும் இப்படிச் சேர்த்துச் செய்த ஜெல் 20 மடங்குக்கு மேல் நீண்டது. அந்த இரண்டு வலைகளில் ஒன்று கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசியின் சரக்கு.

ஒரு எச்சரிக்கை. பாலிஅக்ரிலமைடு ஆகும் முன் உள்ள அக்ரிலமைடு நரம்பை நஞ்சாக்கும் பொருள். வீட்டிலோ பள்ளியிலோ அதைத் தொடவே வேண்டாம். கடைகளில் கிடைக்கும், தண்ணீரில் ஊதும் வண்ண முத்துகளையும் சிறு குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் குடலுக்குள் ஊதி அடைத்துக்கொள்ளும்.

14. மீன் கெட்டுவிட்டதா என்று ஜெல் காட்டுமா? ஐஸ் பெட்டியைத் திறக்காமலே தெரிந்தால் நல்லது.

காட்டும், அதற்கு மின்சாரமே வேண்டாம். சங்குப்பூவை வெந்நீரில் போட்டு இறக்கிய நீல நீரில் அகரைக் காய்ச்சி, தட்டில் மெல்லிசாக ஊற்றி உறையவிடுங்கள். ஒரு துண்டை வெட்டி, மீன் வைத்த டப்பாவின் மூடியில் உள்பக்கமாக ஒட்டுங்கள், மீனைத் தொடாமல். மீன் கெடும்போது வெளிவரும் அமீன் ஆவிகள் காரத்தன்மை உள்ளவை. அவை பட்டதும் நீலம் பச்சைக்குத் திரும்பும். எங்கள் வீட்டில் மதியம் ஒட்டிய துண்டு மறுநாள் காலையில் ஓரத்திலிருந்து பச்சையாகத் தொடங்கியது. மூடிக்குள் ஆவி முதலில் எந்தப் பக்கம் போனது என்பதுகூட அந்த ஓரத்தில் தெரிந்தது. ஐஸில் உள்ள மீனுக்கு நிறம் மெதுவாக மாறும். அதை மட்டும் நம்பி விற்கவோ உண்ணவோ வேண்டாம். செவுளைப் பார்க்கும் பழக்கம் இருக்கட்டும்.

15. பாசியிலிருந்து கரண்ட் எடுக்கும் யூனிட் போடலாம், முன்பணம் கட்டுங்கள் என்று ஒருவர் வந்து சொல்கிறார். கட்டலாமா தங்கச்சி?

கட்டாதீர்கள் அக்கா. எங்கள் பக்கத்திலும் இப்படி ஒருவர் வந்து, ஜெல் நிரப்பிய கண்ணாடிப் பெட்டியில் சிறு விளக்கை எரியவைத்துக் காட்டினார். பெட்டிக்குள் இரு வேறு உலோகத் தகடுகள் இருந்தன. 9ஆம் பதிலைப் படித்தவர்களுக்கு அது என்ன என்று புரியும்.

அடுத்த முறை யாராவது வந்தால் வோல்ட்டைக் கேட்காமல், விளக்கு எரியும்போது எத்தனை வாட் என்று கேளுங்கள். எத்தனை நாள் எரியும், அதற்குள் எதை மாற்ற வேண்டும் என்று கேளுங்கள். தகடுகள் இரண்டையும் ஒரே பொருளில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பதில் சொல்பவராக இருந்தால் உட்கார்ந்து பேசலாம்.

16. இதனால் நாங்கள் எடுக்கும் பாசிக்கு விலை கூடுமா?

மகளிர் குழுவில் ஒவ்வொரு முறையும் வரும் கேள்வி. ஆமாம் என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. நூற்றுக்கு ஒன்றரை பங்கு அகர் போட்டால் ஜெல் உறையும். ஒரு கிலோ அகரில் ஏறத்தாழ 65 லிட்டர் ஜெல். ஒரு மில்லிமீட்டர் தடிமனில் பரப்பினால் 65 சதுர மீட்டர். இரண்டு சென்டிமீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் என வெட்டினால் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட உணரிகள். அத்தனை உணரி செய்தாலும் வாங்கப் போவது ஒரு கிலோ அகர்தான். டன் கணக்கில் பாசி வாங்குவது உணவுத் தொழிலும் மருந்துத் தொழிலும். விலையை அவைதான் தீர்மானிக்கின்றன.

பணம் சேருவது தூய்மையில். மணலும் உப்பும் வேற்றுப் பாசியும் கலக்காமல், இன்ன பாசி, இன்ன மாதம் எடுத்தது என்று பிரித்து உலர்த்திய சரக்கு ஆய்வகத்துக்குத் தேவைப்படுகிறது. பாசியிலிருந்து அகரோ ஆல்ஜினேட்டோ பிரிக்கும் வேலையை நம் கரையிலேயே செய்தால் அந்த இடைப்பட்ட காசு இங்கேயே தங்கும். கரையில் நின்று காய்ந்த பாசியை மூட்டையாகக் கட்டிக் கொடுப்பவருக்கும் ஆய்வகத்தில் கிராம் கணக்கில் வாங்குபவருக்கும் நடுவில் எத்தனை கை இருக்கிறது என்பதை நான் இரண்டு பக்கமும் நின்று பார்த்திருக்கிறேன். குழுவாகச் சேர்ந்து பேச வேண்டிய விஷயம் அது.

17. நாங்கள் மூழ்கும்போது மூச்சும் இதயமும் எப்படி இருக்கிறது என்று காட்ட ஒரு ஜெல் செய்ய முடியாதா? கரையில் ஒட்டுகிறார்களே, கடலுக்குள் ஏன் ஒட்டவில்லை?

என் அம்மாவுடன் பாசிக்குப் போகும் ஒரு அக்கா கேட்டது. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, தீவுப் பக்கத்துப் பாறையில் மூச்சடக்கிப் பாசி பறிப்பவர்கள் அவர்கள். இந்தத் துறையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஆய்வுக் கேள்வி அது என்று அவரிடமே சொன்னேன்.

கஷ்டம் மூன்று இடத்தில். கடல் தண்ணீரே அயனிகள் நிறைந்த கடத்தி என்பதால், ஜெல்லைத் தொட்டுக்கொண்டிருந்தால் உடலின் மின்செய்தி பக்கவாட்டில் கசிந்து கடலோடு போய்விடும். இரண்டாவது, கால்சியத்தால் உறைந்த ஆல்ஜினேட் கடலில் இளகும். கடலின் சோடியம் மெல்ல உள்ளே புகுந்து கால்சியத்தை வெளியேற்றிவிடும். மூன்றாவது, புளூடூத் அலை உப்புத் தண்ணீரில் போகாது. கரையில் இருப்பவருக்கு உடனுக்குடன் செய்தி அனுப்ப முடியாது. மணிக்கட்டில் அதிர்வாக உணர்த்தலாம், அல்லது மேலே வந்ததும் வாசிக்கும்படி சேமித்து வைக்கலாம்.

மூன்றாவதுக்கு வழி இருக்கிறது. முதல் இரண்டுக்கும் மருந்து ஒன்றே: உடலைத் தொடும் பக்கத்தைத் தவிர மற்ற எல்லாப் பக்கமும் ஜெல்லை ரப்பர் உறையால் மூடி, உறையின் ஓரம் ஈரத் தோலில் ஒட்டும்படி செய்வது. படகின் அடியில் கொட்டலசு ஒட்டிக்கொள்வது போல, தண்ணீருக்குள்ளேயே ஒட்டும் பசை வேண்டும். மட்டி வகைச் சிப்பிகளின் ஒட்டும் புரதத்தைப் பார்த்து அப்படிப்பட்ட பசைகளைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறார்கள். வாளித் தண்ணீரில் என் கையில் ஒட்டிச் சோதித்த மாதிரி, அசையாமல் இருந்தவரை நின்றது. முழங்கையை மடக்கி நீட்ட ஆரம்பித்ததும் ஓரம் ஒரு மூலையில் வாயைத் திறந்தது. இப்போது அந்த மூலையை வட்டமாக வெட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.